சிம்பல் அடித்த இடம்

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் வாசிப்பது, பலகையை அலை மேல் போட்டு அதன்மீது நின்று சறுக்குகிறவர்களுக்காகப் பிறந்த இசை. சர்ஃப் இசை என்பார்கள். பாடகர் கிடையாது, பாட்டு வரிகள் கிடையாது. ஒரு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். கிட்டார் சத்தம் நனைந்த துணியை உதறியதுபோல ஈரமாகத் தெறிக்க வேண்டும். அந்த ஈரத்தைத் தருவது ரிவெர்ப் என்கிற பெட்டி. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே கடலும் இல்லை, உப்பும் இல்லை. நீளமாக இரண்டு ஸ்பிரிங் தொங்கும். லிஃப்ட் மெக்கானிக்கான எனக்கு அதைப் பார்த்த அன்றுதான் இந்த இசைமேல் காதலே வந்தது. லிஃப்ட் பள்ளத்தின் அடியில் நாங்கள் வைக்கிற தடியான ஸ்பிரிங்குக்கு ஒல்லியாக ஒரு சித்தப்பா பையன் இருந்தால் அப்படித்தான் இருப்பான்.

நாங்கள் மூன்று பேர். கிட்டார் நான். டிரம்ஸ் என் மனைவியின் தம்பி. டயர் கடை வைத்திருக்கிறான். கடையின் பின்பக்க அறையில்தான் ஒத்திகை. சுற்றிலும் கூரைவரை டயர் அடுக்கியிருப்பதால் சத்தத்தை அதுவே குடித்துவிடும். அக்கம்பக்கத்தில் ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. பேஸ், வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். தாளம் தவறினால் பேச மாட்டார், மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். பரீட்சைத் தாளில் முட்டை வாங்கியவனுக்குத்தான் அந்தப் பார்வையின் கனம் தெரியும்.

மச்சினனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் கை சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசை, கார் ஸ்டியரிங், பேங்கில் வரிசையில் முன்னால் நிற்பவரின் பை என்று எது கிடைத்தாலும் அதில் இரண்டு விரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். என் கல்யாண மேடையில்கூட பின்னால் நின்று நாற்காலி முதுகில் தட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்திலிருந்துதான்.

எங்கள் குழுவுக்கென்று சொந்தமாக ஒரே ஒரு பாட்டு உண்டு. அதைப் போட்டது நான். பெயர் 'ஏழாவது மாடி'. ஒரு கட்டடத்தில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில், நான் பழுது பார்க்கப்போன லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டேன். வேறு மெக்கானிக் வந்து காப்பாற்றுகிறவரை வாயாலேயே முணுமுணுத்துப் போட்ட மெட்டு. கடைசியில் விறுவிறுவென்று ஒரு இறக்கம் வரும். ஒரே தந்தியை மேலும் கீழுமாக மின்னல் வேகத்தில் மீட்டிக்கொண்டே இறங்க வேண்டும். லிஃப்ட் கயிறு அறுந்து விழுவதுபோல. (நிஜத்தில் லிஃப்ட் அப்படி விழாது. தைரியமாக ஏறுங்கள்.) அந்த இறக்கம் வந்ததும் மச்சினன் ஸ்டூலைவிட்டு எழுந்துவிடுவான். எழுந்து நின்று சிம்பலை, அந்த வட்டப் பித்தளைத் தகட்டை, ஓங்கி ஓங்கி அடிப்பான். பித்தளை அலறும். டயரெல்லாம் அதிரும். 'இவனுக்கு நம்ம பாட்டு மேலே என்ன ஒரு வெறி' என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு விம்மும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் புதிதாக நீச்சல் குளம் கட்டினார்கள். அங்கே லிஃப்டைப் பார்த்துக்கொள்வது நான்தான். திறப்பு விழாவுக்கு ஏதாவது இசை வேண்டுமென்று சங்கத்துச் செயலாளர் லிஃப்டுக்குள் யாரோடோ போனில் புலம்பிக்கொண்டிருந்தார். நான் லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்திருந்தேன். கூரைத் திறப்பு வழியாகத் தலையைத் தொங்கவிட்டு, "சார், நாங்க வாசிக்கிறோம்" என்றேன். அந்த மனிதர் அலறிய அலறலில் போன் கீழே விழுந்தது. ஆனால் வாய்ப்பு வந்தது. எங்கள் குழு நாலு சுவருக்கு வெளியே வாசிக்கப்போகிற முதல் கச்சேரி.

அடுத்த வாரமே வாத்தியார் தன் கிட்டாரைத் திருப்பிக் கேட்டார்.

நான் வாசித்துக்கொண்டிருந்தது அவருடைய இரவல் கிட்டார். "பொண்ணு கத்துக்கணும்ங்கறா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்து. அவர் பெண் அதுவரை கிட்டார் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிறவள். குழந்தைகள் மாறத்தானே செய்வார்கள் என்று துடைத்து, உறையில் போட்டு, கையில் கொடுத்தேன்.

இந்த இடத்தில் என் குணத்தைச் சொல்லாவிட்டால் கதை நகராது. நான் கஞ்சன். ஊரறிந்த கஞ்சன். பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி வழித்துத் தேய்க்கிறவன். கரைந்துபோன சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டவைக்கிறவன். பழைய கிட்டார் தந்திகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் வெந்நீரில் கொதிக்கவைத்து, அழுக்குப் போனதும் மறுபடி மாட்டுகிறவன். ஒருநாள் என் மனைவி பால் காய்ச்சப் பாத்திரத்தைத் திறந்து, உள்ளே ஆறு தந்திகள் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவன், அன்று இரவு சாப்பாட்டு மேசையில் சொன்னேன்: "நான் சொந்தமா ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போறேன்."

மேசையில் மூன்று பேர் இருந்தோம். நான், மனைவி, சாப்பிட வந்த மச்சினன். மனைவியின் கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. மச்சினன் தட்டு விளிம்பில் போட்டுக்கொண்டிருந்த தாளம் நின்றது. அவன் தாளம் பாதியில் நின்று நான் கேட்டதே இல்லை.

"என்னங்க, காசு போட்டா?" என்றாள்.

"பின்னே, கல்லைப் போட்டா குடுப்பான்?"

"இல்ல, இப்ப என்ன அவசரம்னு கேட்டேன். மெதுவா வாங்கலாமே."

"குளத்தைத் திறக்கப் போறாங்கடி. நான் அங்க போய் வாயாலயா வாசிக்கறது?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் தாராளத்தைக் கண்டு வாயடைத்துப்போய்விட்டார்கள் என்று நான் புளகாங்கிதம் அடைந்தேன். கையோடு இன்னொரு கரண்டி சோறும் வாங்கிக்கொண்டேன்.

"மாமா, நானும் வரேன்" என்றான் மச்சினன், தட்டைப் பார்த்துக்கொண்டே. "தனியா போனா ஏமாத்திடுவாங்க."

சனிக்கிழமை காலையில் அவன் காரில் கிளம்பினோம். எனக்கு வேண்டியது என்னவென்று சட்டைப்பையில் சீட்டு எழுதி வைத்திருப்பதுபோல மனதில் தெளிவாக இருந்தது. விலை குறைவாக இருக்க வேண்டும். தந்திகளைத் தாங்குகிற பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதை அமுக்கினால்தான் சுரம் அலைபோல நெளியும். பிக்கப், அதாவது தந்திக்கு அடியில் இருக்கிற காந்தம், ஒற்றைச் சுருளாக இருக்க வேண்டும்; அப்போதுதான் சத்தம் மெலிந்து, பளிச்சென்று தெறிக்கும். இவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு தெளிவு இருக்கவில்லை.

முதல் கடை, பழைய சாமான் விற்கிற இடம். ஒரு சிவப்புக் கிட்டார் கையில் எடுத்ததுமே இடுப்பில் வந்து உட்கார்ந்தது.

"வேண்டாம் மாமா" என்றான்.

"ஏன்டா மாப்ள?"

"கழுத்து கோணலா இருக்கு."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு நானும் பார்த்தேன். லிஃப்ட் தண்டவாளம் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கண்டுபிடிக்கிற கண் இது. கழுத்து நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. ஆனாலும் நம்முடைய நல்லதுக்குத்தானே சொல்கிறான் என்று வைத்துவிட்டேன்.

இரண்டாவது கடையில் ஒரு வெள்ளை. அது கனமாக இருப்பதாகச் சொன்னான். அடுத்து ஒரு நீலம். அது கனமே இல்லை, உள்ளே அட்டை வைத்திருப்பான் என்றான். ஒரு கறுப்பு. அதற்கு ராசியில்லாத முகம் என்றான்.

"கிட்டாருக்கு ஏதுடா மூஞ்சி?"

"பாருங்களேன், நம்மளையே முறைக்குது."

டயரைக் கையால் தட்டிப்பார்த்தே இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்கிறவன். ஒரு சாமானை ஒரு பார்வையில் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறவன். அவன் இவ்வளவு நொட்டை சொல்லி நான் பார்த்ததில்லை. என் காசு வீணாகக் கூடாது என்று என்னைவிட இவன் துடிக்கிறானே என்று எனக்குக் கண் கலங்காத குறை. இரண்டு டீ வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு மட்டும் ஒரு பிஸ்கட்டும். நான் பிஸ்கட் வாங்கிக் கொடுத்ததைக் கண்டு அவன் முகம் இன்னும் தொங்கிப்போனது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மாமா. வீட்டுக்குப் போலாமா? இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"அந்த நாலாவது மாடிக் கடையைப் பாத்துட்டுப் போயிடலாம். தள்ளுபடி போட்டிருக்கானாம்."

"அது வேண்டாம் மாமா." குரல் சட்டென்று ஏறியது. "அங்க கார் நிறுத்த எடமே கெடைக்காது."

"நீ கார்லயே இரு. நான் மட்டும் போறேன்."

"இல்ல... அங்க எல்லாம் யானை விலை."

"தள்ளுபடின்னு சொல்றேன்ல?"

"சனிக்கிழமை மூடியிருப்பாங்க."

கடை வாசலில் வண்டி நின்றது. இடம் தாராளமாக இருந்தது. மேலே விளக்கெல்லாம் எரிந்தது. மச்சினன் பின்னால் வந்தான்.

லிஃப்டில் ஏறினோம். இரண்டாவது மாடி தாண்டும்போது ஒரு 'கீ... கீ...' சத்தம். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போகிற கட்டை காய்ந்துபோயிருந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை, எண்ணெய் விட்டால் போதும். யாரும் சொல்லாமல் விட்டால் சத்தம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இறங்கும்போது வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தொழில் புத்தி.

கதவு திறந்ததும் மச்சினன், "நான் டிரம்ஸ் பக்கம் பாத்துட்டு வரேன் மாமா" என்று கடையின் மறுகோடிக்குப் போய்விட்டான். நான் கிட்டார் சுவருக்கு எதிரே நின்றேன்.

அது இருந்தது. மேல்வரிசையில், ஓரமாக. கடல் பச்சை நிறம். கம்பி இருந்தது, ஒற்றைச் சுருள் பிக்கப் இருந்தது. கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனி. விலைச்சீட்டைப் பார்த்தேன். என்னைப்போன்ற கஞ்சனும் ஒரே ஒருமுறை மயக்கம் தெளிந்து எழுந்து வாங்கிவிடக்கூடிய விலை.

"எடுத்துக் காட்டட்டுமா சார்?"

பச்சைச் சட்டை போட்ட விற்பனையாளன். கடைச் சீருடை அது. மூக்குக்குக் கீழே ஒரு மீசை, நன்றாகச் சிரிக்கிற முகம். கல்யாண வயசு இருக்கும்.

"எந்த மாதிரி வாசிப்பீங்க சார்?"

"சர்ஃப்" என்றேன், கொஞ்சம் கூச்சத்தோடு. வழக்கமாக இந்த வார்த்தையைச் சொன்னால் துணி துவைக்கிற தூளா என்பார்கள்.

அவன் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "சார்! நெஜமாவா? நானும் அதேதான் சார். இந்தக் கடைக்கு வந்து இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல. எல்லாரும் காதைக் கிழிக்கற மாதிரிதான் கேப்பாங்க." கிட்டாரைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினான். "சரியாப் புடிச்சீங்க சார். கம்மி விலைல வர்றது பாதி ரெட்டைச் சுருள்தான். சத்தம் கூழ் மாதிரி தடிச்சுப்போயிடும். இது ஒத்தைச் சுருள். ஆனா ஒண்ணு, கம்பெனில ஒல்லித் தந்தி மாட்டி அனுப்பியிருக்கான். தடிச்ச தந்தியா மாத்திக்குங்க. அப்பதான் கம்பியை எவ்வளவு அமுக்கினாலும் சுருதி எடத்துல நிக்கும்."

"பழைய தந்தியக் கொதிக்க வெச்சு மாட்டலாமா?"

"ஐயோ சார்" என்று வயிறு குலுங்கச் சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஒயரைச் சொருகினான். ரிவெர்ப் பெட்டியைத் திருகி வைத்துவிட்டு, "சத்தம் கேளுங்க" என்று மீட்டினான்.

முதல் நாலு சுரத்திலேயே எனக்குக் கால் தரையில் இல்லை. ஏதோ தெரிந்த வீட்டு வாசலில் நிற்பதுபோல இருந்தது. எட்டாவது சுரத்தில் வீடு எதுவென்று தெரிந்துவிட்டது.

அது என் பாட்டு. 'ஏழாவது மாடி'.

ஈரமாக, பளிச்சென்று, கண்ணாடிமேல் மழை இறங்குவதுபோல வாசித்தான். கடைசி இறக்கம் வந்தது. அவன் மணிக்கட்டு தேனீயின் இறக்கைபோல் கண்ணுக்குத் தெரியாமல் அசைந்தது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒன்றுகூட விடுபடாமல் இறங்கியது. நான் போட்ட அந்த இறக்கத்தை அன்றுதான் நான் முழுசாகக் கேட்டேன். அதுவரை அந்த இடத்தில் எனக்குச் சிம்பல் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

"எப்படி சார்?"

"இது... எந்தப் பாட்டு தம்பி?"

"எங்க பேண்டோட பாட்டு சார்" என்றான் பெருமையாக. "இப்பத்தான் சேந்திருக்கேன். நீச்சல் குளம் ஒண்ணு திறக்கறாங்க, அங்க வாசிக்கறோம். நீங்களும் வாங்க சார்."

"நீங்க போட்ட மெட்டா?"

"இல்ல சார். முன்னாடி ஒரு பெரியவர் வாசிச்சிட்டிருந்தாராம். அவரு போட்டது. மெட்டு நல்லாத்தான் போட்டிருக்காரு. ஆனா அந்தக் கடைசி எடம் மட்டும் அவருக்குக் கையே வராதாம். பாவம், அங்க எப்பவும் தப்பாயிடுமாம். அது வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் டிரம்ஸ்காரர் எழுந்து நின்னு சிம்பலை அடிச்சு மூடுவாராம். நான் வந்ததும் அந்தச் சிம்பலை எடுத்துட்டோம் சார். இனிமே தேவையில்லல்ல?"

பெரியவர். எனக்குத் தலையில் நாலு முடி நரைத்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் மீதி முடியும் சேர்ந்து நரைத்ததுபோல் இருந்தது.

"பெரியவர் இப்ப என்ன பண்றாரு?" என்றேன். என் குரல் எனக்கே பக்கத்து மாடியிலிருந்து வந்தது.

"அவரே விட்டுட்டாராம் சார். கிட்டார் இல்லன்னு. புதுசா வாங்கறதுக்கு மனசு வராதாம், கொஞ்சம் கை கெட்டியாம்." சொல்லிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் பார்த்தவன், கையைத் தூக்கினான். "அண்ணே! வாங்கண்ணே! சார், இவருதான் எங்க டிரம்ஸ்."

திரும்பினேன். கடைக் கோடியில், விற்பனைக்கு வைத்திருந்த டிரம்ஸ் ஒன்றின் பின்னால் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். கையில் இரண்டு குச்சி. பெரிய டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துவிடலாமா என்று யோசிக்கிற உயரத்தில் பாதி குனிந்திருந்தான். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பச்சைச் சட்டை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மீசைக்குள் போய்விட்டது. "சார்... நீங்க..." என்று இழுத்தவன், "நான் தந்தி எடுத்துட்டு வரேன் சார்" என்று நகர்ந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் ஒருவன்தான் எனக்கு உண்மையைச் சொன்னவன், அதுவும் இலவசமாக.

மச்சினன் பக்கத்தில் வந்தான்.

"மாமா..."

"கழுத்து கோணல்னியே. எதோட கழுத்து?"

"நீங்க காசைப் போட்டு வாங்கிடக் கூடாதுன்னுதான் மாமா. வாங்கிட்டு வந்து நின்னீங்கன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?"

"சொல்லணும்னு நினைச்சியா, இல்ல சொல்லாமலே விட்டுடலாம்னு நினைச்சியா?"

அவன் ஒரு குச்சியால் இன்னொரு குச்சியை உரசிக்கொண்டிருந்தான்.

"வாத்தியார் பொண்ணு கிட்டார் கத்துக்கறாளா?"

"இல்ல மாமா."

"அந்தக் குளத்துக் கச்சேரிய புடிச்சது யாருடா?"

"நீங்கதான் மாமா. லிஃப்ட் மேல உக்காந்து."

"உங்கக்காவுக்குத் தெரியுமா?"

அவன் தலை குனிந்தது. டயர் கடையில் பஞ்சர் டயரைப் பார்க்கிறதுபோல தரையைப் பார்த்தான்.

"அக்காதான் மாமா வழி சொன்னா. நேர சொன்னா உங்களுக்கு மனசு உடைஞ்சிடும், வாத்தியாரை விட்டுக் கிட்டாரைத் திருப்பி வாங்கிட்டா போதும், நீங்களா விட்டுடுவீங்க, காசு குடுத்து வாங்கவே மாட்டீங்கன்னு..."

இதுதான் வலித்தது. கை வராது என்றார்களே, அதுகூட இல்லை. அது நிஜம், அதற்கென்ன செய்ய? மூன்று பேர் உட்கார்ந்து என்னை எடைபோட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்துத் தட்டில் இந்த இசைமேல் நான் வைத்திருக்கிற ஆசை, இன்னொரு பக்கம் என் கஞ்சத்தனம். கஞ்சத்தனத் தட்டுதான் இறங்கும் என்று மூவருக்கும் சந்தேகமே இல்லை. பற்பசைக் குழாயை வெட்டுகிறவன் இவ்வளவுதான் ஆசைப்படுவான் என்று என் வீட்டிலேயே கணக்கு முடிந்திருக்கிறது. அந்தக் கணக்கு தப்பிப்போனதைத்தான் அன்று சாப்பாட்டு மேசையில் பார்த்தேன். நான் அதை ஆச்சரியம் என்று நினைத்து இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"சிம்பல் எப்பலேர்ந்து?"

"மொதல் நாள்லேர்ந்து மாமா." அவன் கண் நிறைந்திருந்தது. "உங்களுக்குத் தெரிஞ்சா வாசிக்கறதையே விட்டுடுவீங்கன்னு... நீங்க அந்த எடத்துல எவ்வளவு சந்தோஷமா இருப்பீங்க தெரியுமா? கண்ணை மூடிப்பீங்க."

நான் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஒயர் நீளமானது, டிரம்ஸ் இருந்த கோடிவரை எட்டியது. "உக்காரு" என்றேன்.

"மாமா, வேண்டாம்..."

"உக்காருடா."

உட்கார்ந்தான். ஆரம்பித்தேன். அவனும் சேர்ந்துகொண்டான், வேறெப்படி, அவன் கை சும்மா இருக்காதே. எங்கள் பாட்டு கடையில் பரவியது. கிட்டார் நல்ல கிட்டார். நான் இதுவரை தொட்டதிலேயே நல்லது. நாங்கள் இருவரும் எப்போதும்போல ஒருவர் மூச்சை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினோம். ஒரு நொடி எல்லாம் மறந்துகூடப் போனது. இறக்கம் வந்தது. மச்சினன் எழுந்தான். யோசித்து எழவில்லை, உடம்பு எழுந்துவிட்டது. சிம்பல் அலறியது.

நிறுத்தினேன். கையை நீட்டி, நடுங்கிக்கொண்டிருந்த சிம்பலின் விளிம்பைப் பிடித்தேன். அந்தத் தகடு உள்ளங்கையில் துடித்துத் துடித்து அடங்கியது.

"இப்ப கையைக் கட்டிக்கிட்டு நில்லு."

குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

நான் மட்டும் வாசித்தேன். இறக்கத்தின் முதல் பாதிவரை சரியாக வந்தது. அப்புறம் மணிக்கட்டு இறுகியது. ஒரு சுரம் விழுங்கிப்போனது, இன்னொன்று பக்கத்துத் தந்தியில் போய் மோதியது, கடைசி மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ரிவெர்ப் பெட்டி நல்ல பெட்டி. என் தப்பை எடுத்து, ஈரமாக்கி, திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டியது. சுவரில் தொங்கிய அத்தனை கிட்டார்களும் கேட்டுக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமும் நான் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தது இதைத்தான்.

தூரத்தில் பச்சைச் சட்டை, கையில் தந்திப் பொட்டலத்தோடு, எதையோ தேடுவதுபோல ஒரு வெறும் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, பில் போடுப்பா" என்றேன். "தடிச்ச தந்தியும் சேத்து."

"மாமா, எதுக்கு மாமா?" மச்சினன் என் கையைப் பிடித்தான். "நான் வாத்தியார்கிட்ட பேசறேன். ரெண்டு கிட்டார் வெச்சுக்கலாம். நீங்க அந்த எடத்துல மட்டும் வாசிக்காம..."

"வாசிக்காம, வாசிக்கற மாதிரி கையை ஆட்டறதா?"

அவன் கையை எடுத்துவிட்டான். நான் பணம் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. அது மச்சினனைச் சுட்ட அளவுக்கு என் கோபம்கூடச் சுட்டிருக்காது. நான் பேரம் பேசாமல் பணம் கொடுத்ததை அவன் அதுவரை கண்டதில்லை. பச்சைச் சட்டை உறையின் ஜிப்பைப் போட்டுக் கொடுக்கும்போது மெல்ல, "சார், மணிக்கட்டைத் தளர்த்தி விட்டீங்கன்னா வந்துடும். மெதுவா ஆரம்பிச்சு வேகத்தக் கூட்டுங்க. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா..." என்றவன், சொன்னதன் அர்த்தம் தனக்கே உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

மச்சினன் முன்னால் போய் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்க ஆரம்பித்தேன். வாழ்நாளெல்லாம் லிஃப்டில் பிழைக்கிறவன் படியில் இறங்கினால் முழங்கால் சும்மா விடுமா? ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கினேன். சுவருக்கு அந்தப்பக்கம் லிஃப்ட் என்னோடு கூடவே இறங்கியது. 'கீ... கீ...' என்று.

கீழே மச்சினன் எனக்காகக் காத்திருந்தான். கார் சாவி கையில் இருந்தது. விரல்கள் சாவியின்மேல் அசையாமல் இருந்தன.

வாசலில் வாட்ச்மேன் நாற்காலியைச் சாய்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போனேன்.

"ஐயா, உங்க லிஃப்ட் ரெண்டாவது மாடிகிட்ட கத்துது. ஓரத்துல இருக்கற கட்டை காஞ்சுபோச்சு. எண்ணெய் விடச் சொல்லுங்க."

"அப்படியா? நாங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். பழகிப்போச்சு" என்று சிரித்தார். "ஓடுதே, அப்புறம் என்னன்னு விட்டுட்டோம்."

"தெரிஞ்சவங்க சொல்லிடணும்யா" என்றேன். "கேக்கறவங்களுக்குப் பழகிடும். லிஃப்டுக்குத் தெரியாதுல்ல."

மச்சினன் காரின் கதவைத் திறந்துவிட்டு நின்றான். பின் சீட்டில் கிட்டாருக்கு இடம் ஒதுக்கிப் பழைய துண்டு ஒன்றையும் விரித்து வைத்திருந்தான், கீறல் படாமல் இருக்க. எப்போது விரித்தான் என்று தெரியவில்லை. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏறியிருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நேராக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பஸ் வந்தது. ஏறினேன். கிட்டார் பக்கத்து இடத்தை அடைத்துக்கொண்டது. "அதுக்கும் சேத்து டிக்கெட் எடுங்க சார்" என்றார் கண்டக்டர், நான் சண்டைக்கு வருவேன் என்று தயாராக நின்றுகொண்டு.

எடுத்தேன்.